ஒரு லட்சம்... ஓர் எருமை... நான்!

அஞ்சு சென்ட் எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரியுமா? திருப்பூரில் மெர்ச்சண்டைஸராக இருந்தால் தெரியும்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டு டாலர் நாற்பது சென்ட் என்று நாங்கள் விலை சொல்வோம். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் பையர், 'இரண்டு முப்பது' என்பார். மூன்று நாள் மெயில் போகும், வரும். நூல் விலையைச் சொல்லி அழுவேன். நிட்டிங் கூலி, டையிங் கூலி, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஒப்பாரி பாடுவேன். கடைசியில் இரண்டு முப்பத்தைந்தில் முடியும். இருபதாயிரம் பீஸ் ஆர்டர் என்றால், நான் அழுது மீட்ட அந்த அஞ்சு சென்ட், ஆயிரம் டாலர்!

முதலாளிக்கு ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் டீ குடிக்கச் சட்டைப் பையில் சில்லறை தேடுவேன். அதுதான் நான்.

பனியனுக்கு விலை பேசுவதில் புலி. எனக்கு விலை பேசுவதில் எலிகூட இல்லை. எலியாவது கீச்சென்று ஒரு சத்தம் போடும்.

எட்டு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேரும்போது, "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார்கள்.

"நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்றேன்.

பார்த்தார்கள். கொடுத்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு எந்தத் திசையிலோ என்பது முதல் சம்பளக் கவரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

அதன்பின் வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி அறைக்குப் போவேன். "என்னங்க?" என்பார். "ஒண்ணுமில்லீங்க சார், ஷிப்மென்ட் பேப்பர்" என்று எதையாவது நீட்டிவிட்டு வந்துவிடுவேன். அவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாக் காகிதத்திலும் எனக்கு அவர் கையெழுத்துக் கிடைத்திருக்கிறது.

இந்த வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். காஸ்டிங் ஷீட் போட நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாகத் தன் சம்பளத்தைச் சொன்னான். முப்பத்து நாலாயிரம். எனக்கு இருபத்தெட்டு. தயிர் சாதம் தொண்டையிலேயே நின்றது.

வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஊரான் போடற பனியனுக்கு மூணு நாள் விலை பேசறீங்க. உங்களுக்கு ஒரு நிமிஷம் பேச வாய் வராதா?" என்றாள் மனைவி. பேசும்போது கையை ஆட்டுவது அவள் வழக்கம். கையில் வளையல் சத்தம் கேட்கவில்லை. அது ஜூன் மாதமே, பெண்ணின் ஒன்றாம் வகுப்பு ஃபீஸுக்காக அடகுக் கடைக்குப் போயிருந்தது.

இந்த நிலவரத்தில்தான் ஆடிப் பதினெட்டு வந்தது.

* * *

என் அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கும். தேவையில்லாதது இன்னும் நன்றாகக் கேட்கும். "கொடுமுடிக்குப் போய் ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துறலாஞ் சாமி. அடுத்த ஆடிக்கு நா இருக்கறனோ இல்லியோ" என்றாள். இதே வசனத்தைப் பதினைந்து வருஷமாகச் சொல்கிறாள். நாங்களும் பதினைந்து வருஷமாகக் கூட்டிப் போகிறோம்.

சித்தப்பா மகன் கார் ஓட்டினான். முத்தூர் தாண்டும்போது ரேடியோவில் எஸ்.பி.பி. பாட்டு.

"பாடறவங்க நடிக்கறதுங்கறது இவரு காலத்துல ஆரம்பிச்சதுண்ணா" என்றான். "'கேளடி கண்மணி'யில ஹீரோவே இவருதானே? மலேசியா வாசுதேவன் வில்லனாக் கலக்கினாரு. இப்போ ஜி.வி.பிரகாஷ்..."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

"அட கிறுக்கா! நீ போயிட்டிருக்கிறது யாரு ஊருக்குன்னு தெரியுமா? சுந்தராம்பா ஊருக்குடா!"

அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து வயசில், அவள் அப்பன் மாட்டு வண்டி பூட்டி ராத்திரி ஆட்டத்துக்குக் கூட்டிப்போய், டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார வைத்துக் காட்டிய படம் 'ஔவையார்'. "பாட்டு வந்தா கொட்டாயில பீடி புடிக்கறவன்கூடப் புடிக்க மாட்டான்" என்றாள். அதைவிடப் பெரிய விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது.

அப்புறம்தான் அந்தச் சங்கதியைச் சொன்னாள்.

"அந்தம்மாவ நடிக்கக் கூப்புட்டாங்களாமா. வேண்டாம்னு சொன்னா உடமாட்டேங்கறாங்க. சரி, தொலையட்டும்னு ஒரு லச்சம் ரூவா குடுத்தா நடிக்கறேன்னு சொல்லிப்போட்டா. ஓடிருவாங்கன்னு நெனச்சா. அவங்க ஓடல. குடுத்துப்போட்டாங்க!"

கார் காவிரியை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு என் சம்பளம் ஞாபகம் வந்தது.

* * *

வீட்டுக்கு வந்ததும், அப்பத்தா சொன்னதில் எது நிஜம், எது மசாலா என்று தேடித் தேடிப் படித்தேன். ஆச்சரியம்! அப்பத்தா குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

கே.பி.சுந்தராம்பாள். கே என்றால் கொடுமுடி. பி என்றால் பாலாம்பாள், அவருடைய அம்மா. ஊரையும் தாயையும் இனிஷியலில் சுமந்தவர். பிறந்தது 1908-ல். வீட்டில் கடும் வறுமை. சின்னப் பெண்ணாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோது, நாடகப் பிரியரான ரயில்வே அதிகாரி எஃப்.ஜி.நடேச ஐயர் காதில் அந்தக் குரல் விழுந்தது என்று சொல்வார்கள். வேலு நாயர் கம்பெனியில் 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக மேடையேறினார். பசியை நடிக்க அவருக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கால நாடகம் என்றால் மைக் கிடையாது. விடிய விடிய நடக்கும். கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனையும் எழுப்பி உட்கார வைக்க வேண்டும். நம்மில் பலருக்கு அடுத்த மேஜைக்காரரை 'ஸ்டேப்ளர் குடுங்க' என்று கூப்பிட்டாலே கேட்பதில்லை.

இலங்கை மேடையில் அவரோடு சேர்ந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. இவர் வள்ளி, அவர் வேலன். 'வள்ளி திருமணம்' நடந்தால் ஊரே திரண்டது. பாட்டில் போட்டி போட்டவர்கள் 1927-ல் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. இந்த வாழ்க்கையும் நிம்மதியாகப் போகவில்லை, பிரிவு வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். வயது முப்பதைத் தொடவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்றைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

இந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். பின்னணிப் பாட்டு என்கிற வசதி அப்போது இல்லை. திரையில் வாயசைப்பவரேதான் பாட வேண்டும். ஒரு படத்தில் டஜன் கணக்கில் பாட்டு. ஆகவே முகத்தைவிடத் தொண்டைக்குத்தான் மார்க்கெட். பாகவதர்கள் எல்லாம் நடிகர்கள் ஆனது அப்படித்தான். 'பாடுகிறவர் நடிக்கிறார்' என்பது அன்று செய்தியே இல்லை. பாடத் தெரியாதவர் நடித்தால்தான் செய்தி!

'நந்தனார்' எடுக்க அசன்தாஸ் என்ற வடநாட்டுத் தயாரிப்பாளர் விடாமல் துரத்தினார். துக்கத்தில் இருந்த அந்தப் பெண் விரட்டுவதற்காகச் சொன்ன தொகைதான் ஒரு லட்சம். 1935-ல்! என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? காஸ்டிங் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு பவுன் முப்பது ரூபாய்க்கும் கீழே. ஒரு லட்சம் என்றால் மூவாயிரம் பவுனுக்கு மேல். இன்றைய விலையில் பெருக்க ஆரம்பித்தேன். கால்குலேட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இந்தியாவிலேயே ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய முதல் நட்சத்திரம் இவர்தான் என்கிறார்கள். ஜோடிப் பிரச்னைக்கும் வழி கிடைத்தது. நந்தனார் வேஷமே அவருக்கு. ஆண் வேஷம்! வேதியராக வந்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

இங்கே கதை முடிந்திருந்தால் எனக்கு உபயோகப்பட்டிருக்காது. 'கேட்டாள், கொடுத்தார்கள், சுபம்' என்று சினிமாவில்தான் வரும்.

படம் வெளிவந்தது. 'ஆனந்த விகட'னில் கல்கி விமர்சனம் எழுதினார். கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். படத்தில் நன்றாக நடித்திருப்பவை பனைமரமும் எருமையும்தான் என்கிற தினுசில்!

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே யாரும் வாங்காத சம்பளம். முதல் படம். தமிழ்நாடே படிக்கிற பத்திரிகையில் எருமைக்குப் பின்னால் இடம். எங்கள் பாஷையில் சொன்னால், ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் மொத்த லாட்டும் ரிஜெக்ட். நானாக இருந்தால் ஆறு மாசம் மெடிக்கல் லீவு போட்டிருப்பேன்.

இதை அப்பத்தாவிடம் போனில் படித்துக் காட்டினேன். அவளுக்கு மகா கோபம். "எருமைக்குப் பாடத் தெரியுமாக்கும்? எழுதுனவனக் கூப்புடு, நா கேக்கறேன்" என்றாள். கல்கி காலமாகி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதை எடுத்துச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

சுந்தராம்பாள் மெடிக்கல் லீவு போடவில்லை. 1940-ல் 'மணிமேகலை' நடித்தார். காங்கிரஸ் மேடைகளில் சுதந்திரப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். ஐம்பதுகளில் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். இன்றைக்குச் சினிமாவிலிருந்து சட்டசபைக்குப் போகிற பாதை நெடுஞ்சாலையாகிவிட்டது. அது ஒற்றையடிப் பாதையாக இருந்தபோது நடந்தவர், வெள்ளைப் புடவை கட்டிய ஒரு கொடுமுடிக்காரி.

1953-ல் 'ஔவையார்' வந்தது. எடுத்தவர் ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன். வாசன் யார்? அந்த எருமை விமர்சனம் வெளிவந்த விகடனின் அதிபர்! பதினெட்டு வருஷம் கழித்து அதே முதலாளி, பெரும் பொருட்செலவில், பல வருஷம் உழைத்து ஒரு படம் எடுக்கிறார். அதைத் தோளில் சுமக்க அவர் தேடிப் பிடித்தது எருமையையும் பனைமரத்தையும் அல்ல.

ஔவைக்கு ஜோடி தேவையில்லை. நரைத்த தலை, கையில் கோல், தொண்டையில் தமிழ். இருபத்தைந்து வயதில் அவர் போட்ட நிபந்தனைக்கு, நாற்பத்தைந்து வயதில் அளவெடுத்துத் தைத்தது போல் ஒரு வேஷம்! அதன்பின் 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். சமணத் துறவிக்குத் திருநீறு ஆகாது. திருநீறு இல்லாமல் இவருக்கு ஆகாது. அதற்காக ஒப்பனையிலேயே ஒரு வழி பண்ணினார்கள் என்று சொல்வார்கள். 1965-ல் 'திருவிளையாடல்', மறுபடி ஔவை. பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகனுக்கு அவர் பாடிய சமாதானத்தை இன்றைக்கும் பழனிக்குப் போகிற பஸ்ஸில் கேட்கலாம்.

நடுவில் பின்னணிப் பாட்டு வந்து, முகம் ஒருவருக்கும் குரல் ஒருவருக்கும் என்று சினிமா இரண்டாகப் பிரிந்துவிட்டது. இவரை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. 'துணைவன்' படத்துக்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பாடகி என்று தேசிய விருது. அப்போது வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

இத்தனையும் படித்தபின் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த ஒரு லட்சம் பேராசை இல்லை. அது ஒரு வேலி. 'என்னை வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் நீங்கள் நடந்து வர வேண்டும்' என்று போட்ட கோடு. வந்தவர் கோட்டைத் தாண்டி வந்துவிட்டார், அது வேறு விஷயம். நான் எட்டு வருஷமாகக் கோடே போடவில்லை. கோடு இல்லாத இடத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள்.

* * *

இரண்டு வாரம் கழித்துக் கிராமத்துக்குப் போனபோது அப்பத்தாவிடம் வீராவேசமாகச் சொன்னேன். "நானும் கேக்கப் போறேன் அப்பத்தா. சுந்தராம்பாள் மாதிரி!"

அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"கேளு கண்ணு. ஆனா அந்தம்மா கேட்டப்போ தொண்டை இருந்துச்சு. உனக்கு என்ன இருக்குது?"

பெற்ற பிள்ளையின் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது! பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி முழுக்க அதே கேள்வி. எனக்கு என்ன இருக்கிறது?

ராத்திரி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கே ஒரு காஸ்டிங் ஷீட் போட்டேன். நூல்: பி.காம். நிட்டிங்: எட்டு வருஷம். வேஸ்டேஜ்: அஞ்சு சதவீதம் (டீக்கடை). டேமேஜ்: ஒரு தடவை ஸைஸ் ரேஷியோ மாற்றிப் போட்டு வாங்கிய திட்டு. அதையும் மறைக்காமல் எழுதினேன். பிறகு எதிர்ப் பக்கம். போன வருஷம் முடித்த ஆர்டர்கள். பேசி மீட்ட சென்ட்டுகள். ஒரு பெரிய லாட்டில் ஷேட் மாறியிருந்ததைப் பேக்கிங்குக்கு முன்பே கண்டுபிடித்தது. அது தப்பியிருந்தால், புதுசாகத் தைத்துக் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்ப வேண்டி வந்திருக்கும். அந்த விமானச் சரக்குக் கூலியை எழுதிப் பார்த்தேன். என் இரண்டு வருஷச் சம்பளத்தைவிட அதிகம்.

எனக்கும் ஒரு தொண்டை இருந்திருக்கிறது. சத்தம்தான் வரவில்லை.

மறுநாள் முதலாளி அறைக்குப் போனேன். கையில் ஷிப்மென்ட் பேப்பர் கொண்டுபோகவில்லை. அது இல்லாமல் அந்த அறையில் நிற்பது, சட்டையில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"என்னங்க?"

"சம்பளம் பத்திப் பேசணுங்க சார்." என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "நாப்பத்தி நாலாயிரம் வேணுங்க. அப்புறம்... ஞாயித்துக்கிழமை வரமாட்டனுங்க."

ஷீட்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையர் அனுப்பிய ஸாம்பிளைப் பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓர் எருமை என் மனக்கண்ணில் அசை போட்டபடி கடந்து போனது.

"ஸைஸ் ரேஷியோ தப்பைக்கூட எழுதியிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க சார்."

"முப்பத்தாறு. ஞாயித்துக்கிழமை வேண்டாம். ஷிப்மென்ட் இருந்தா மட்டும் வரோணும்."

தலையாட்டினேன். எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். கூப்பிட்டார்.

"ஏனுங்க, கோயமுத்தூர்ப் பையனச் சேர்க்கும்போதே உங்களுக்கு முப்பத்தஞ்சு வரைக்கும் மனசுல போட்டுத்தான் வெச்சிருந்தேன். நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க பேப்பர நீட்டுனீங்க, நா கையெழுத்துப் போட்டேன்."

எட்டு வருஷமாக நான் பையரிடம் செய்துகொண்டிருக்கும் அதே வேலை! மனசில் ஒரு விலை, வாயில் ஒரு விலை. கேட்காதவனுக்கு யார் கூட்டிக் கொடுப்பார்கள்? நான் எந்தப் பையருக்காவது வலியப் போய் அஞ்சு சென்ட் குறைத்திருக்கிறேனா?

அவர் மேல் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் என் மேலேயே.

சாயங்காலம் அடகுக் கடைக்குப் போகும் வழியில் அப்பத்தாவுக்குப் போன் போட்டேன்.

"கேட்டுப்போட்டேன் அப்பத்தா!"

"குடுத்தாங்களா?"

"பதினாறாயிரம் கூடக் கேட்டேன். எட்டுக் குடுத்தாங்க."

மறுமுனையில் வெற்றிலை மெல்லும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"பரவால்ல கண்ணு. இனிமே எருமைகிட்டத் தோத்துப்போகாமப் பாத்துக்க."